பின்னால் கேட்ட சத்தம்

ஜெயித்த சண்டையைச் சொல்லிப் பிழைக்கிறவர்கள் ஊருக்கு ஒன்பது பேர் இருப்பார்கள். தோற்ற சண்டையைச் சொல்லிப் பிழைத்தவர் மணல் வாத்தியார். பட்டாளப் பயிற்சிப் பள்ளியில், நாளைக்குப் படை நடத்தப் போகிற அதிகாரிகளுக்கு அவர் வாத்தியார். கரும்பலகையில் எழுதிப்போட்டு ஒப்பிக்கிற ஆள் இல்லை. ஒரு பெரிய மரமேசை, நாலு பக்கமும் முழ உயரத்துக்குப் பலகை, உள்ளே மணல். தண்ணீர் தெளித்து அந்த மணலைப் பிசைந்து, மேடு, பள்ளம், ஓடை, பாதை எல்லாவற்றையும் கையாலேயே பிடித்து வைத்துவிடுவார். ஓடைக்கு நீலத் துணி. அது அவர் மனைவியின் பழைய ரவிக்கையில் கிழித்தது. மரத்துக்குப் பச்சைச் சாயம் போட்ட மரத்தூள். சிப்பாய்க்குத் தீக்குச்சி. மருந்துத் தலையோடு இருந்தால் நம் ஆள், எரிந்த குச்சி என்றால் எதிரி.

அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு சண்டை. ஓடை மேட்டுச் சண்டை. அதில் அவரும் இருந்தார். மீசை ஒழுங்காக முளைக்காத வயது அப்போது. கேப்டன் பின்னாலேயே வயர்லெஸ் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டு அலைகிற வேலை. மேட்டைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஓடைப் பக்கமே கண்ணை நட்டு வைத்திருந்தபோது, முதுகுப் பக்கம் லாரிச் சத்தம் கேட்டது. கேப்டன் தங்கமான மனிதர்தான். ஆனால் மேலிடத்தைக் கேட்காமல் மூச்சுகூட விடமாட்டார். "கேளுடா தம்பி, என்ன பண்றதுன்னு கேளு" என்றார். இவர் பெட்டியில் கேட்டார். "இருங்க, சொல்றோம்" என்று பதில் வந்தது. இருந்தார்கள். சொன்னபாடில்லை. அதற்குள் எதிரி பின்னால் வந்து வழியை அடைத்து, சுருக்குக் கயிற்றை இழுத்த மாதிரி மேட்டை இறுக்கிவிட்டான். கேப்டன் அங்கேயே போனார். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் அங்கேயே போனார்கள். இவர் கைதியாகி, சண்டை ஓய்ந்த பிறகு எலும்பும் தோலுமாக, ஒரு காலைத் தாங்கியபடி வீடு வந்து சேர்ந்தார்.

வந்தவர் மனசில் ஒன்றே ஒன்று ஆணியடித்த மாதிரி நின்றுபோனது. சத்தம் கேட்ட கையோடு இறங்கியிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள். அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் செத்தவர்கள் சும்மா செத்ததாகிவிடும். அதற்காகவே படித்தார், தேர்வு எழுதினார், ஒவ்வொரு படியாக ஏறிப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அவர் பாடம் பெரியவர்களுக்கும் பிடித்துப்போயிற்று. வகுப்புச் சுவரில் ஆள் உயர எழுத்தில் எழுதியே வைத்துவிட்டார்கள்: "முதுகில் சத்தம் கேட்டால் மேட்டை விடு. உத்தரவுக்குக் காத்திராதே."

சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது என்பார்கள். பூனையைக் குற்றம் சொல்ல முடியுமா? ஆனால் அடுப்பு அணைந்து கிடக்கும்போதும் பூனைக்கு அது தெரிவதில்லையே.

பாடம் முடிந்ததும் அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. அதே சண்டையை மேசையில் மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். படிக்கிற அதிகாரிகள் நம் பக்கம்; வாத்தியார் எதிரி. எரிந்த குச்சிகளை அவர்தான் நகர்த்துவார். அன்றைக்கு எதிரி எப்படி வந்தானோ, அந்த வழியிலேயே, அந்த வரிசையிலேயே வருவார். ஒரு விரற்கடை மாற்ற மாட்டார். மாற்றினால் பாடம் கெட்டுவிடும் என்று அவருக்கு எண்ணம். எதிரி வருகிற வழி தெரிந்திருந்தால் யார்தான் தோற்பார்கள்? வகுப்பு ஒவ்வொரு முறையும் ஜெயித்தது. ஜெயித்துவிட்டுக் கைதட்டி, "கேப்டன் கொஞ்சம் மூளையைச் செலவு பண்ணியிருக்கலாம் சார்" என்று சொல்லி டீ குடிக்கப் போனது. அந்தக் கைதட்டலைக் கேட்டால் வாத்தியாருக்கு அவர் கேப்டனையே உயிரோடு தூக்கி வந்த மாதிரி இருக்கும்.

அவருக்குப் பிள்ளை இல்லை. மனைவியின் தம்பிதான் பிள்ளை மாதிரி. அப்பா அம்மா போன பிறகு அக்காள் வீட்டிலேயே வளர்ந்தவன். அத்தான் தோளில் உட்கார்ந்து சவாரி செய்தவன், அத்தானைப் பார்த்தே பட்டாளத்தில் சேர்ந்தவன். அதிகாரியாகி இந்தப் பள்ளிக்கே படிக்கவும் வந்தான். வாத்தியார்தான் சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லித் தன் வகுப்பில் போட்டுக்கொண்டார். "என் கண்ணு முன்னாலயே படிக்கட்டும்" என்றார் மனைவியிடம்.

"உங்க கண்ணு முன்னால வேற யாரும் வாயத் திறக்க முடியாதே" என்றாள் அவள்.

"அவன் திறப்பான். அவன் வாய்க்குப் பூட்டே இன்னும் செய்யலை."

அவள் சொன்னதுபோல நடக்கவில்லை. அவர் சொன்னதுபோலத்தான் நடந்தது. மைத்துனன் வாயைத் திறந்தான். மேசையில் எரிந்த குச்சிகள் மேட்டுக்குப் பின்னால் வந்து நிற்கின்றன, வகுப்பு இறங்கப் போகிறது, அப்போது கையைத் தூக்கினான்.

"சார், ஒரு சந்தேகம். பின்னால சத்தம் மட்டும்தான், ஆளே இல்லைன்னா?"

"ஆளில்லாம எப்படி மச்சான் சத்தம் வரும்?"

"எதிரி நாலே பேரை அனுப்பி ரெண்டு லாரிய உறும விடறான்னு வைங்க. நாம பயந்து இறங்கணும்னே பண்றான். கீழ வெட்டவெளியில நமக்காகக் காத்துக்கிட்டிருக்கான். அப்ப என்ன பண்றது?"

நல்ல கேள்வி. யார் என்ன சொன்னாலும் சரி, அது நல்ல கேள்விதான். வாத்தியாருக்கும் ஒரு நொடி கை நின்றது. ஆனால் சுற்றி நாற்பது கண் பார்க்கிறது. பாடம் முடிகிற நேரம். தன் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன் தன் கேப்டனின் சாவிலேயே ஓட்டை இருக்கிறது என்கிற மாதிரி அவருக்குப் பட்டது.

"ஆளில்லாத சத்தமா? அப்ப அது பேய் மச்சான். பேய்க்குப் பட்டாளம் எதுக்கு, ஒரு மந்திரவாதியைக் கூட்டிட்டுப் போ. அவன் பாத்துக்குவான்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. ஒருவன் மேசைக்கு அடியிலிருந்து 'ஊ' என்று ஊளையிட்டான். மைத்துனனும் சிரித்துவிட்டு உட்கார்ந்தான். ஆனால் காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. அன்றிலிருந்து படிப்பு முடிகிற வரைக்கும் அவனுக்கு 'பேய்' என்றே பெயர். சாப்பிடும்போது வாத்தியார் இதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. "பாவம், அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லலாமில்ல" என்றாள். "பதில்தான் சொன்னேனே" என்றார்.

அப்புறம் எல்லையில் மறுபடி சண்டை மூண்டது. மைத்துனன் கேப்டனாகி ஒரு குன்றைக் காவல் காக்கப் போனான். அந்தக் குன்று போன செய்தி வானொலியில் வந்தது. யார் எப்படி இழந்தார் என்று வானொலி சொல்லவில்லை. சில நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து, அவன் உயிரோடு இருக்கிறான், இடது தோளில் காயம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாத்தியார் காலையிலேயே கிளம்பிப் போனார். நீளக் கூடம், சுவரோரமாகக் கட்டில்கள், மருந்து நெடி. மைத்துனன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து, "மச்சான்" என்றார். அவன் திரும்பாமலே பேசினான்.

"மத்தியானம்தான் அத்தான். மூடுபனி, பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியலை. பின்னால லாரி உறுமுது. தகரத்தைப் போட்டுத் தட்டற மாதிரி ஒரு சத்தம். அங்கங்க ரெண்டு வெடி. எனக்கு உடனே தோணுச்சு அத்தான், இது வெறும் சத்தம்னு. நம்ம குன்று மாதிரி நல்ல இடம் கிடையாது. அசையாம இருந்தா ஒருத்தன் மேல வர முடியாது."

"அப்புறம் ஏன்டா இறங்கினே?"

பக்கத்துக் கட்டில்காரர் இருமிவிட்டுப் புரண்டு படுத்தார்.

"கூட இருந்த லெப்டினன்ட்டும் உங்க வகுப்புதான். 'சார், முதுகுல சத்தம், மேட்டை விடணும் சார்'ங்கிறான். நான் இது வெறும் சத்தம்டான்னு சொல்ல வாயெடுத்தேன். சிரிப்புச் சத்தம் கேட்டுது அத்தான். வகுப்புல கேட்டுச்சே, அதே சிரிப்பு. பேய்தான்னு சொல்லிக்கிட்டு மேட்டுலயே உக்காந்திருந்தான்னு நாளைக்குச் சிரிப்பாங்களேன்னு... இறங்குங்கடான்னுட்டேன். கீழ வெட்டவெளி. அவன் அங்கதான் இருந்தான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்வார்கள். இவன் அரளவே இல்லை. அரண்டது வாத்தியார், அதுவும் எந்தக் காலத்திலோ, வேறு ஒரு மேட்டில். அந்தப் பயத்தைப் பாடமாக்கிச் சுவரில் எழுதி, இன்னொருத்தன் தலையில் ஏற்றி அனுப்பியிருந்தார். இதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தபோதே அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் செய்தார் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு விசாரணை வைத்தார்கள். பச்சைத் துணி விரித்த மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பெரிய அதிகாரிகள். இந்தப் பக்கம் தோளில் கட்டோடு மைத்துனன். உத்தரவு இல்லாமல் குன்றைவிட்டு இறங்கினான் என்பது குற்றம். அவன் சொன்னது இதுதான்: "பாடத்தில் இருந்தபடி செய்தேன். இது வெறும் சத்தமாக இருந்தால் என்ன செய்வது என்று வகுப்பிலேயே கேட்டேன். பாடத்தை மாற்றவில்லை." உண்மையா என்று பார்க்க வாத்தியாரைக் கூப்பிட்டார்கள்.

வாத்தியார் போய் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, நெஞ்சில் பழைய பதக்கம்.

"நீங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் தவறு இருக்கிறதா?" என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"பாடத்துல தப்பில்லைங்க. பார்த்த கண்ணுலதான் தப்பு."

"இந்த அதிகாரி வகுப்பில் இப்படி ஒரு கேள்வி கேட்டதாகச் சொல்கிறார். கேட்டாரா?"

மைத்துனன் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கேட்டான் என்ற ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது. வேலை போய்விடும் என்று வாத்தியார் பயப்படவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் சுவரில் இருக்கிற எழுத்தை அழித்துவிடுவார்கள். எழுத்து அழிந்தால் ஓடை மேட்டில் அவர் கேப்டன் எதற்குச் செத்தார்? வயர்லெஸ் பெட்டியில் "இருங்க, சொல்றோம்" என்ற குரல் அவருக்கு இன்னும் கேட்கிறது. உயிரோடு இருக்கிறவனைவிடச் செத்தவர்கள் அந்த நேரத்தில் அவருக்குக் கிட்டத்தில் இருந்தார்கள்.

"ஞாபகம் இல்லைங்க" என்றார்.

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு அவனிடம் கேட்டதற்கெல்லாம் "ஆமாம்" என்று மட்டும் சொன்னான். பட்டாளத்தைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் மனைவி வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தாள். "கேட்டாங்களா? என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்லைன்னேன்."

"ஞாபகம் இல்லையா? இதே இடத்துல உக்காந்து சோத்த வாயில வச்சுக்கிட்டு, புரையேறச் சிரிச்சீங்களே! எனக்கு ஞாபகம் இருக்கு. படிப்பு வாசனை இல்லாத எனக்கே ஞாபகம் இருக்கு!"

அவள் அதற்கு மேல் கத்தவில்லை. வேளாவேளைக்குச் சோறு வைத்தாள், சட்டையைத் துவைத்தாள். பேச்சு மட்டும் நின்றது. வாய்விட்டுத் திட்டுகிறவளைச் சமாதானம் செய்துவிடலாம். சோறு வைத்துவிட்டுச் சுவரைப் பார்க்கிறவளை என்ன செய்வது?

இத்தனை செய்தும் வாத்தியார் காப்பாற்ற நினைத்த எழுத்தாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. பள்ளிக்குத் தலைவரான கர்னல் அவரைக் கூப்பிட்டனுப்பினார். "ஓடை மேடு பழசாகிவிட்டது. இனிமேல் உங்கள் மைத்துனன் தோற்ற குன்றுதான் பாடம். அடுத்த வகுப்புக்கு மேசையைத் தயார் செய்யுங்கள். சொந்தக்காரன் என்று பார்க்க வேண்டாம்." சுவரை வெள்ளையடித்துப் புது வரி எழுதப் பெயின்டர் வந்தார். "எவ்வளவு சத்தம் கேட்டாலும் மேட்டை விடாதே." முந்தின வரியை எழுதியதும் அதே பெயின்டர்தான். ஏணியில் நின்றபடி திரும்பி வாத்தியாரைக் கேட்டார்.

"ஏங்க, போன தடவை விடுன்னீங்க. இந்தத் தடவை விடாதேங்கிறீங்க. இதாவது நிலைக்குமா? இல்ல, அழிக்கச் சுலபமா லேசா அடிச்சு வைக்கட்டுமா?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். வாத்தியாருக்கு அது சுருக்கென்று தைத்தது. மணலைப் பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். குன்று பாதி எழும்பியிருந்தது. மைத்துனன் நின்ற இடம், அவன் இறங்கின சரிவு, கீழே வெட்டவெளி. இதையும் ஒரு வரியாக்கி, இன்னும் யார் தலையிலாவது ஏற்றி அனுப்பப் போகிறோம். அவன் போய் உண்மையிலேயே பின்னால் ஆள் வரும்போது அசையாமல் உட்கார்ந்திருப்பான். ஓடை மேட்டில் அவர் கேப்டன் உட்கார்ந்திருந்த மாதிரி.

வகுப்பு கூடியது. புது முகங்கள். பின் வரிசையில் கர்னலும் வந்து உட்கார்ந்தார். வாத்தியார் நடந்ததை நடந்தபடி சொன்னார். பிறகு வழக்கப்படி மேசையில் சண்டை. வகுப்பு குன்றில் குச்சிகளை நட்டுக்கொண்டு சிரித்த முகத்தோடு காத்திருந்தது. எதிரி வெறும் சத்தம்தான் போடப் போகிறான் என்று அவர்களுக்குத்தான் தெரியுமே.

வாத்தியார் எரிந்த குச்சிகளை எடுத்தார். முதல் தடவையாக, நடந்தபடி நகர்த்தவில்லை. அள்ளியெடுத்து எல்லாவற்றையும் குன்றுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். வழியை அடைத்தார். வகுப்பு அசையவில்லை. ஒவ்வொரு குச்சியாக மேலே ஏற்றினார். மருந்துத் தலைக் குச்சிகளை ஒன்றொன்றாகப் பிடுங்கி மேசையோரம் போட்டார்.

"சார், இது தப்பு" என்றான் ஒருவன். "நடந்தது இப்படி இல்லையே சார். பின்னால ஆளே இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஆமா, சொன்னேன். அடுத்த தடவை ஆள் இருப்பான். என்ன பண்ணுவே?"

"சுவத்துல விடாதேன்னு எழுதியிருக்கே சார்."

"இதே சுவத்துல போன வாரம் வரைக்கும் விடுன்னு எழுதியிருந்துது. எழுதவச்சவன் நான்தான். பின்னால கேக்கறது ஆளா, வெறும் சத்தமான்னு முதல்ல ரெண்டு பேரை அனுப்பிப் பாருங்கப்பா. அதுக்கு வேண்டியது ரெண்டு பேரும் கொஞ்சம் பொறுமையும்தான். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுக்கலை. ஒருத்தன் இங்க எழுந்து நின்னு அதைத்தான் கேட்டான். பேய்னு சொல்லி உக்கார வச்சேன். கேட்டானான்னு விசாரணையில கேட்டாங்க. ஞாபகம் இல்லைன்னு சொன்னேன். ஞாபகம் இருந்துது."

கர்னல் எழுந்து வெளியே போய்விட்டார். சாயங்காலம் தன் அறைக்குக் கூப்பிட்டு, "ஒரு தோல்விக்கு ஒரு பாடம் என்றால்தான் மண்டையில் நிற்கும். நீங்கள் குழப்புகிறீர்கள்" என்றார். "குழப்பந்தாங்க சண்டை" என்றார் வாத்தியார். மறுநாள் மணல்மேசையை வேறு ஒருவருக்குக் கொடுத்து, வாத்தியாரைக் கூடாரக் கிடங்குக்கு மாற்றினார்கள். முடிந்த விசாரணை முடிந்ததுதான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மனைவியிடம் சொன்னார். அன்றைக்குத்தான் அவள் பேசினாள். "இதை அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க. எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது?"

மைத்துனன் வேறு ஊரில் பஸ் டிப்போவில் வேலை பார்த்தான். எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று விசில் ஊதி அனுப்புகிற வேலை. தரையெல்லாம் எண்ணெய்க் கறை, வண்டிகள் உறுமிக்கொண்டு வரிசையில் நின்றன. இடது கையைப் பாதிக்கு மேல் தூக்க முடியாமல், வலது கையாலேயே எல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் ஒரு பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னான். டீ வரவழைத்தான். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவில் கிடைத்த நேரத்தில் அவர் எல்லாவற்றையும் சொன்னார். வகுப்பில் சொன்னது, குச்சிகளை மாற்றி வைத்தது, ரெண்டு பேரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது, மேசை போனது.

அவன் முழுதும் கேட்டான். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "நல்ல பாடம்" என்றான். "இனிமே போறவங்களாவது ரெண்டு பேரை அனுப்பிப் பாப்பாங்க."

"விசாரணையில சொல்லியிருக்கணும் மச்சான்."

"சொல்லியிருந்தாலும் என்னை வச்சிருக்க மாட்டாங்க. உத்தரவு போட்டது நான்தானே. எங்கூட இறங்கித் திரும்பி வராதவங்க வீட்டுக்கெல்லாம் போயிட்டு வந்தேன். அவங்ககிட்டப் பாடம், வாத்தியார்னு எதுவும் சொல்ல முடியாது. நான் சொன்னேன், இறங்கினாங்க, அவ்வளவுதான்." வண்டி ஒன்று ஹாரன் அடித்தது. கையைக் காட்டி நிறுத்தினான். "ஆனா அன்னைக்கு அந்த அறையில எனக்குன்னு ஒரு ஆள் இருக்காருன்னு நம்பித்தான் நிமிர்ந்து பார்த்தேன். வேலைக்காகப் பார்க்கலை."

வாத்தியார் டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார். "அக்கா வரச் சொன்னா. ஒரு நாள் வீட்டுக்கு வா."

"அக்காவை இங்க வரச் சொல்லுங்க. நான் கூட்டிக்கிறேன்."

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். அது ஆறிப்போயிருந்தது. திரும்பிப் போகிற வண்டி வந்ததும் மைத்துனனே முன்னால் போய், கூட்டத்தை விலக்கி, ஜன்னலோரம் அவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தான். பையை வாங்கி மேலே வைத்தான். டிரைவரிடம், "இவரைப் பார்த்து இறக்கி விட்டுரு. கால் கொஞ்சம் தாங்கித்தான் நடப்பாரு" என்றான்.

"யாருங்க சார், சொந்தமா?" என்றார் டிரைவர்.

"எங்க அக்கா வீட்டுக்காரரு" என்றான் அவன்.

பொய் ஒன்றும் இல்லை. 'அத்தான்' என்ற சொல்தான் அன்றைக்கு அவன் வாயில் ஒரு தடவைகூட வரவில்லை. அதைக் கேட்டுக்கொண்டு வாத்தியார் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். விசில் ஊதினான். வண்டி நகர்ந்தது. அவன் அடுத்த வண்டியைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.